ரங்கூன் வீட்டுக் குழு

பெரியம்மா: குட்டிக்குத் திரும்பவும் கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டுமாம். போன வருடம்தானே எடுத்தார்கள்? பிள்ளையை ஏன் இப்படிக் குத்துகிறார்கள்?

தங்கம் மாமா: மாத்திரை நன்றாகத்தானே வேலை செய்தது. கட்டி சுருங்கிவிட்டது என்று லட்டு கொடுத்தோமே.

ரேவதி: ஆமாம் மாமா, நானே ரெண்டு தின்றேன்.

ரேவதி: குட்டிக்கு வந்திருக்கிற நியூரோபிளாஸ்டோமா, குழந்தைகளின் முதிராத நரம்புச் செல்களில் வரும் புற்றுநோய். அந்தச் செல்லின் மேல்பரப்பில் ஏ.எல்.கே. என்று ஒரு புரதம் உண்டு. 'வளரு, வளரு' என்று உள்ளே சேதி அனுப்பும். சில குழந்தைகளுக்கு அது கெட்டுப்போய் ஓயாமல் அனுப்பும். 2008-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். குட்டி சாப்பிடும் கிரிசோட்டினிப் அந்தச் சேதியை நிறுத்துகிற மாத்திரை.

பெரியம்மா: அப்புறம் ஏன் வளர்கிறது? பீலிக்கான் கோயில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டதை நான் தள்ளிப்போட்டதாலா?

ரேவதி: அம்மனை இதில் இழுக்காதீர்கள் பெரியம்மா. நம் தெருவில் கரண்டு போனால் என்ன செய்கிறோம்?

தங்கம் மாமா: ஜெனரேட்டர்.

ரேவதி: அதேதான். மேலே ஏ.எல்.கே.யை அணைத்தாலும், அதற்குக் கீழே இருக்கிற ராஸ் புரதம் கெட்டிருந்தால் அதுவே தனியாகச் சேதியை ஓட்டும். 2015-இல் வந்த ஓர் ஆய்வில், திரும்பி வந்த 23 கட்டிகளில் 18-இல் ராஸ் வழியை முடுக்கிவிடும் மாற்றங்கள் இருந்தன.

ரேவதி: இன்னொன்றும் இருக்கலாம். எஃப்1174எல் என்ற மாற்றம் இருந்தால் ஏ.எல்.கே. தனக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிரிசோட்டினிப் உட்கார வேண்டியதும் அதே இடத்தில்தான், அதனால் மருந்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அப்படியென்றால் லோர்லாட்டினிப் என்று ஏ.எல்.கே.யை அணைக்கிற இன்னொரு மாத்திரையைக் கேட்டுப் பார்க்கலாம், அது இன்னும் கெட்டியாக ஒட்டும். ராஸ் என்றால் அதை மட்டும் கொடுத்து என்ன பயன்? ஜெனரேட்டர் ஓடும்போது மெயினை அணைக்கிற கதைதான். எது என்று சதையைப் பார்த்தால்தான் தெரியும்.

செல்வி: டாக்டரும் பழைய ரிப்போர்ட்டை வைத்துப் புது மருந்து கொடுக்க முடியாது என்றார். அழுகையில் எனக்கு எதுவும் ஏறவில்லை.

பெரியம்மா: அழாதே செல்வி. அவனுக்கு வலிக்குமா?

ரேவதி: மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள்.

தங்கம் மாமா: என்றைக்கு? காரை நான் எடுக்கிறேன்.

செல்வி: வியாழன் காலை 7 மணிக்குள் மாமா. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள்.

பெரியம்மா: அப்போ எழுந்ததும் மோகிங்கா மீன் நூடுல்ஸ்தான் கேட்பான். முள் இல்லாமல் செய்து வைக்கிறேன்.