அப்பாவுக்கு வயிற்று ஆபரேஷன் முடிந்தது. காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று டாப்ளர் (ரத்தக்குழாய் ஸ்கேன்) எடுக்கணுமா?

பட்டுக்கோட்டை மகன்:
வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. பெருங்குடலின் வலப்பக்கம் புற்றுநோய் என்று சொல்லி, திருச்சியில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். இன்றோடு 13 நாள். வீட்டுக்கு வந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில், ரத்தம் உறையாமல் இருக்க எனாக்சபாரின் 40 மில்லிகிராம், தினம் ஒரு ஊசி, 28 நாள் வரை என்று இருக்கிறது. ஸ்கேன் எதுவும் எழுதவில்லை.

சித்தப்பா சொன்னாரென்று ஒரு லேபிலிருந்து ஆளை வரவழைத்து டி-டைமர் என்ற ரத்த டெஸ்ட் பார்த்தோம். 500-க்குள் இருக்க வேண்டியது 1,900 என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பாவுக்குக் கால்வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, வீட்டுக்குள் நடக்கிறார். இரண்டு காலுக்கும் டாப்ளர் எடுத்துவிடலாமா? இன்னொன்று, ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வார்டு சிஸ்டர்:
தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் சர்ஜரி வார்டில் நர்ஸ். இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன்.

உறைந்த ரத்தத்தை உடம்பு கரைக்கும்போது சிதறுகிற துணுக்குதான் டி-டைமர். வயிற்றைத் திறந்து, குடலை வெட்டி இணைத்திருக்கிறார்கள். உள்ளே ஆறுகிற இடமெல்லாம் உறைவதும் கரைவதும் வாரக்கணக்கில் நடக்கும். தச்சு வேலை நடக்கிற வீட்டில் மரத்தூளைப் பார்த்துவிட்டுக் கரையான் வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? புற்றுநோயும் வயதும் வேறு அந்த எண்ணை ஏற்றும். ஆபத்து குறைவாக உள்ள ஒருவருக்கு ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்த டெஸ்ட் உதவும். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாதவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

டாப்ளருக்கு வருவோம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ரத்தக்கட்டி தேடி ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் கல்லூரி 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் பரிந்துரை. ஏதோ சின்னதாகத் தெரிந்து, அதற்கு முழு அளவில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால், புதிதாக இணைத்த குடலில் ரத்தம் கசியலாம். அந்த ஆபத்தும் சின்னதில்லை.

உங்கள் அப்பாவுக்குப் பரிசோதனையே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ரத்தக்கட்டி வரும் ஆபத்தைக் கணக்கிட காப்ரினி ஸ்கோர் என்று ஒன்று உண்டு. 61 முதல் 74 வயதுக்கு 2, புற்றுநோய்க்கு 2, முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்த பெரிய ஆபரேஷனுக்கு 2. ஆக மொத்தம் 6. காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருந்தால் இன்னும் 1. ஐந்தைத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு. 28 நாள் ஊசி எழுதியது அதனால்தான். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றிலும் இடுப்புக்குழியிலும் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களில் ஒரு பாதிப் பேருக்கு இதே ஊசியை ஏறக்குறைய ஒரு வாரத்தோடு நிறுத்தினார்கள், மறுபாதிக்கு நாலு வாரம் போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் காலில் சாயம் செலுத்திப் படம் எடுத்தபோது, முதல் கூட்டத்தில் 12 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி, இரண்டாவதில் 4.8. பாதியில் நிறுத்தினால் போவது இந்த வித்தியாசம்தான். சர்ஜன் சொல்லாமல் ஒரு ஊசியும் தவறக்கூடாது.

கன்றிப்போவது பெரும்பாலும் போடுகிற விதத்தால் வருவது. படுக்க வைத்து, தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, தையல் பக்கம் போகாமல், தோலைச் சதையோடு மடிப்பாகப் பிடியுங்கள். ஊசி நேர்குத்தாக முழுதும் இறங்கட்டும். மருந்தை மெதுவாக, பத்து எண்ணி முடிக்கும் நேரத்தில் செலுத்துங்கள். வெளியே எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம், அது இருக்க வேண்டியதுதான். போட்ட இடத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பஞ்சை லேசாக வைத்தால் போதும். இன்று இடது, நாளை வலது.

ஆனால் மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போனாலும், தையலில் ரத்தம் ஊறினாலும், கன்றல் கைப்பிடி அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் ரூம்காரன்:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. கால் டாப்ளரில் முக்கியமான வேலை அழுத்துவதுதான். தொடை இடுக்கிலிருந்து முழங்காலுக்குப் பின்பக்கம் வரை ப்ரோபை (ஸ்கேன் கருவியின் முனையை) வைத்து அழுத்திக்கொண்டே வருவோம். நல்ல ரத்தக்குழாய் அப்படியே சப்பையாகி மறையும், உள்ளே கட்டி இருந்தால் மறையாது. ஆனால் கெண்டைக்காலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இன்று நார்மல் என்று எழுதிக்கொடுத்தால் அது இன்றைக்கு மட்டும்தான், அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் காகிதத்தை நம்பி ஊசியை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அதே சமயம் ஒரு கால் மட்டும் வீங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே எடுக்க வேண்டிய ஸ்கேன் அது.

மல்லிகா, ஈரோடு:
எங்கள் மாமியாருக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகு ரத்தக்கட்டி வந்தது. காலில் வீக்கமே இல்லை. பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது, நெஞ்சில் குத்துகிறது என்றார். பலவீனம்தான், இளநீர் கொடுங்கள் என்றார்கள். நான் 108-க்குக் கூப்பிட்டேன். நுரையீரலில் ரத்தக்கட்டி. பிழைத்துவிட்டார். கால் நன்றாக இருக்கிறதே என்று மூச்சுத்திணறலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டுக்கோட்டை மகன்:
எல்லோருக்கும் நன்றி. சர்ஜனிடம் போனில் பேசிவிட்டோம், ஊசியைத் தொடரச் சொன்னார், டாப்ளர் இப்போது வேண்டாம் என்றார். அம்மாவுக்கும் சிஸ்டர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு சந்தேகம். வீக்கத்தை வீட்டிலேயே எப்படிச் சரியாகப் பார்ப்பது? அடுத்த வாரம் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம், அப்பா வந்தே தீருவேன் என்கிறார்.

வார்டு சிஸ்டர்:
தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு. இரண்டு காலிலும் அதே இடத்தில் சுற்றளவு எடுத்து எழுதி வையுங்கள். ஒன்றுக்கொன்று 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். அளவு குறைவாக இருந்தாலும் ஒரு கால் மட்டும் சூடாக, சிவந்து, அழுத்தினால் வலித்தால் போய்க் காட்டத்தான் வேண்டும். பாதத்தை மேல்நோக்கி மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம்.

இன்னும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று தோன்றினால், ரத்தத் தட்டணு எண்ணிக்கையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்க வேண்டுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். இந்த ஊசியால் அபூர்வமாகத் தட்டணுக்கள் சரியும், அதுவும் பெரும்பாலும் ஆரம்பித்த 5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஊசி அளவையே குறைப்பார்கள்.

கோயம்புத்தூர் இப்போது வேண்டாம் தம்பி. அத்தனை மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது அவருக்கு ஆகாது. வீடியோ காலில் பார்க்கட்டும். ஊசியெல்லாம் முடிந்து, சர்ஜன் சரி என்ற பிறகு காரில் கூட்டிப்போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி நடக்க வையுங்கள், தண்ணீரும் குடிக்கச் சொல்லுங்கள். அக்கா கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.