படகில் விளக்கு மங்கல்: பாட்டரி புதுசு, பல்பும் புதுசு, இன்னும் என்ன பாக்கி?

பொங்கோல் தூண்டில்:
அண்ணன்மார்களே, ஓர் உதவி. 19 அடி ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், 12 வோல்ட். கைமாறி வாங்கியது. முன்னால் சிவப்பு-பச்சை விளக்கு, பின்னால் கம்பத்தில் வெள்ளை, இரண்டுமே 10 வாட் இழை பல்பு. போன சனிக்கிழமை சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் தூண்டில் போட்டுவிட்டு இருட்டியபின் திரும்பினோம். மச்சான் முன்னால் எட்டிப் பார்த்து, "விளக்கு போட்டியா இல்லையா?" என்றான். போட்டுத்தான் இருந்தேன். சாமி மாடத்து விளக்கு மாதிரி எரிகிறது. எதிரே பார்ஜ் இழுத்து வந்த டக் போட்டுக்கு நாங்கள் தெரிந்தோமோ இல்லையோ!

பாட்டரி மாற்றினேன், பல்பு மாற்றினேன். பலன் பூஜ்யம். எஞ்சின் ஓடினால் கொஞ்சம் தேவலை. பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது) ஓடினால் வெளிச்சம் இன்னும் சுருங்குகிறது, பம்பும் முக்கி முனகுகிறது. பல்பைக் கழற்றி சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன், 12.5 காட்டுகிறது. வோல்ட் வருகிறது, வெளிச்சம் வரவில்லை. பேசாமல் எல்இடி போட்டுவிடவா?

சாங்கி கடலோடி:
எல்இடி போடுங்க ப்ரோ. நான் போட்டேன், தலைவலி போச்சு.

துவாஸ் யார்டு மின்காரன்:
தம்பி, இப்போதைக்கு எல்இடி வேண்டாம். அது குறைஞ்ச வோல்ட்லயும் பளிச்சுனு எரிஞ்சு நோயை மறைச்சுடும். பம்ப் முனகுறது அப்படியே இருக்கும். நாளைக்கு மழைத் தண்ணி உள்ளே ஏறும்போது பம்ப் கைவிட்டா என்ன பண்ணுவீங்க?

பல்பைக் கழற்றிட்டு அளந்ததுதான் தப்பு. கரண்ட் ஓடாதபோது எவ்வளவு கெட்ட ஜாயின்ட்டா இருந்தாலும் முழு வோல்ட் காட்டும். பல்பு எரியும்போது அளக்கணும். மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. ஒரு முனை பாட்டரி பாசிட்டிவ்ல, இன்னொரு முனை விளக்கோட பாசிட்டிவ்ல. காட்டுற எண்தான் வழியில தொலையுற வோல்ட். அதே மாதிரி நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும். மீட்டர் ஒயர் எட்டாது, அதனால வீட்டுல கிடக்கிற ஏதாவது ஒயரை 6 மீட்டர் நீளத்துக்குச் சேர்த்துக்குங்க. மெல்லிசா இருந்தாலும் போதும், மீட்டர் வழியா கரண்ட் ஓடுறதே இல்லைன்னு சொல்லலாம்.

பொங்கோல் தூண்டில்:
நேற்று மாலை அளந்தேன். விளக்கு எரியும்போது பாட்டரியில் 12.4. முன் விளக்கில் 10.1! பாசிட்டிவ் பக்கம் 0.4, நெகட்டிவ் பக்கம் 1.9. ஒயர் மெல்லிசு என்பதால் இருக்குமா?

துவாஸ் யார்டு மின்காரன்:
இல்லை தம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்னா, போக வர 12 மீட்டருக்கு ஒரு பல்பு எரிஞ்சா 0.1 வோல்ட்தான் போகும். வழிகாட்டு விளக்குக்கு 3 சதவீதத்துக்கு மேல இழப்பு கூடாதுன்னு அமெரிக்கப் படகுத் தரவிதி சொல்லுது. 12 வோல்ட்டுக்கு 0.36. உங்களுக்கு 2.3 போகுது. இழை பல்புக்கு 10 வோல்ட் கொடுத்தா வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான் வரும்.

எல்லாரும் பாசிட்டிவையே நோண்டுவாங்க, ஃபியூஸும் சுவிட்சும் அங்கே இருக்கிறதால. ஆனா பம்பும் விளக்கும் சேர்ந்து அழுதுன்னா ரெண்டுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்க. முக்கால்வாசி நெகட்டிவ் பஸ்பார்தான், அதாவது எல்லா நெகட்டிவ் ஒயரும் வந்து சேருற உலோகப் பட்டை. ஒரு முனையை பாட்டரி நெகட்டிவ்லயே வைங்க, மறுமுனையை ஒவ்வொரு ஸ்க்ரூவா தொட்டுக்கிட்டே போங்க. எண் எங்கே துள்ளுதோ அங்கேதான் கோளாறு. சின்ன இடத்துல அவ்வளவு வோல்ட் தொலைஞ்சா அது சூடாத்தான் போகும், பிளாஸ்டிக்கையும் கவனிங்க.

பொங்கோல் தூண்டில்:
கண்டுபிடித்துவிட்டேன் அண்ணே! ஸ்டியரிங் கன்சோலுக்குள் தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பார்த்தேன். பாட்டரியிலிருந்து வரும் பெரிய கறுப்புக் கேபிள் பஸ்பாரில் சேரும் இடம். லக்கின் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) மேல் தொட்டால் ஒன்றுமில்லை, அரை அங்குலம் தள்ளி பட்டையில் தொட்டால் 1.6! மேலே பழைய தேங்காய்ச் சட்னி மாதிரி பச்சைக் களிம்பு. முன்னாடி இருந்தவர் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கிறார், துரு தின்று தலையே இல்லை. கீழே பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது, பெட்ரோல் டேங்க் இரண்டு அடி தூரத்தில்.

மீதி 0.3 முன் விளக்கருகே. கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். உரித்தால் உள்ளே கரி மாதிரி கறுப்பு.

துவாஸ் யார்டு மின்காரன்:
முதல்ல பாட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க, அப்புறம் கை வைங்க. பஸ்பாரைத் தேய்க்காதீங்க, புதுசே போடுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, வெள்ளீயம் பூசின லக். கறுத்த ஒயரைப் பளபள செம்பு தெரியுற வரைக்கும் வெட்டுங்க. வரலேன்னா முழு ஒயரையும் மாத்திடுங்க, உப்புத்தண்ணி உறைக்குள்ளேயே ஏறிடும். பாட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் இருக்கான்னும் பாருங்க.

பழைய செம்பவாங்:
ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் உறுதி இல்லையா? நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

துவாஸ் யார்டு மின்காரன்:
அய்யா, வீட்டு ரேடியோவுக்குச் சரி. படகு ஓயாம அதிரும். ஈயம் ஏறின இடத்துல கம்பி விறைச்சு, அது முடியுற இடத்துல ஒடியும். நல்ல கிரிம்ப் (முனையைக் கருவியால அழுத்தி இறுக்குறது), மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கிற குழாய்), போதும்.

பொங்கோல் தூண்டில்:
முடிந்தது. கிரிம்ப் பிளேயரும் சாமானும் சிம் லிம் டவரில் வாங்கினேன். முன் விளக்கு ஒயர் முழுவதும் புதுசு, ஃபியூஸ் ஹோல்டரையும் சுத்தம் செய்தேன். இப்போது பாட்டரி 12.4, விளக்கில் 12.1. பம்ப் போட்டால் விளக்கு அசையவே இல்லை, பம்ப் சத்தமே மாறிவிட்டது. பாட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கிடையவே கிடையாது, அது இந்தச் சனிக்கிழமை வேலை. கழற்றிப் போட்ட பாட்டரி நல்லதுதான் என்று இப்போது தெரிகிறது, யாருக்காவது வேண்டுமா?

சாங்கி கடலோடி:
எனக்கு அந்த மீட்டர் வேணும் ப்ரோ. என் பம்பும் முனகுதுன்னு இப்பத்தான் ஞாபகம் வருது.