குடோன் வேலைக்கு மடக்குக் கத்தி: எது வாங்கலாம்?

வணக்கம். டெல்லி கரோல் பாக்கில் குடோன் வேலை எனக்கு. நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிப்பதும் பிளாஸ்டிக் பட்டி அறுப்பதும்தான். ஒரு கை பெட்டியிலேயே இருப்பதால் பட்டனைத் தட்டினால் திறக்கும் கத்தி வாங்க ஆசைப்பட்டேன். ஆனால் டெல்லியில் 1980 அறிவிக்கைப்படி, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ள பட்டன் கத்திக்கு ஆயுதச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு; பிடிபட்டால் வழக்கு வரலாம். அந்த வம்பே வேண்டாம், கட்டைவிரலால் தள்ளித் திறப்பதே போதும்.

போன வாரம் பழைய கத்தியின் லாக் (திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு) நழுவி, அலகு ஆள்காட்டி விரல்மேல் மடங்கிவிட்டது. மூன்று தையல். இன்னும் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் லாக்தான் எனக்கு முக்கியம். லைனர் லாக்கா (பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடு அலகைத் தாங்குவது), பேக் லாக்கா (பிடியின் முதுகில் இருக்கும் பூட்டு), எதை நம்பலாம்? ஓபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் வளையத்தைத் திருப்பிப் பூட்டும் பூட்டு பிடித்திருக்கிறது, ஆனால் திறக்க இரண்டு கை வேண்டுமே! அலகு 7 செ.மீ.க்குள், துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கணும். தினமும் பயன்படுத்துகிற அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்களேன்.