தஹினிக்குத் தமிழ்ப் பெயர்: எள்விழுது என்னும் முன்மொழிவும் அதற்கான காரணங்களும்

குழுவினர் அனைவர்க்கும் கொழும்பிலிருந்து வணக்கம்.

சமையற்குறிப்பு நூலொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் தங்கை, தஹினி என்னும் மேற்காசிய எள் பண்டத்துக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த மடல்களில் எள்ளுக்கூழ், எள்ளுப் பசை, எள் வெண்ணெய், எள்விழுது, எள்ளரையல் ஆகிய ஐந்து சொற்களும், எதையும் ஆக்காமல் தஹினி என்றே விட்டுவிடலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் எள்விழுது என்பதையே ஏற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது இந்தப் பண்டம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதிலிருந்து பிறப்பதால், முதலில் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

தஹினி என்பது வெள்ளை எள்ளைத் தோல் நீக்கி, இலேசாக வறுத்தோ வறுக்காமலோ, அதன் எண்ணெய் வெளிப்பட்டு வழியும்வரை அரைத்த பண்டம். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால் அரைப்பதற்கு வேறு நீர்மம் எதுவும் கட்டாயமில்லை. தோலில் கல்சியம் ஒக்சலேற்று மிகுந்திருப்பதால் தோலோடு அரைத்தால் கைப்புத் தட்டும், நிறமும் மங்கும். மேற்காசியாவின் பழைய முறையில், ஊறவைத்த எள்ளை மெல்ல நசுக்கி உப்புநீரில் இடுவார்கள். தோல் அடியில் தங்க, பருப்பு மேலே மிதந்து வரும். வீட்டில் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. கொழும்பின் புறக்கோட்டைக் கடைகளில் தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறுத்து வாங்கலாம்.

அந்த எள்ளைத் தாச்சியில் சிறுதீயில் இட்டு, மணம் எழுந்தவுடன், நிறம் மாறுவதற்கு முன்னரே இறக்கிவிட வேண்டும். பொன்னிறமானால் சுவை எள்ளுருண்டையின் பக்கம் சாய்ந்துவிடும். அதுவும் நல்ல சுவைதான், ஆனால் தஹினியின் சுவையன்று. நன்றாக ஆறிய பின் கிரைண்டரின் சிறிய பாத்திரத்தில் அரைத்தால் முதலில் மாவாகும், பின்னர் ஈரமணல் போலத் திரண்டு சுவரில் ஒட்டும். பலரும் அரைபடவில்லை என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். இயந்திரத்தைச் சற்று ஆறவிட்டு, சுவரை வழித்துவிட்டுத் தொடர்ந்தால், திரண்டது திடீரெனத் தளர்ந்து வழியத் தொடங்கும். ஒரு கோப்பை எள்ளுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால் இது விரைவாக நிகழும். நம் நல்லெண்ணெய் இதற்குப் பொருந்தும். சீனக் கடைகளில் கிடைக்கும், கடும் வறுவலுக்குப் பின் பிழிந்த கருநிற எள்ளெண்ணெய் மற்ற மணங்களையெல்லாம் அடக்கிவிடும்.

இந்த வேலை முழுவதிலும் ஒரு துளி நீரும் சேரக்கூடாது என்பதே முதன்மையான விதி. தமிழ் அடுக்களையில் அரைத்தல் என்றால் நீர் தெளித்து அரைத்தல் என்றே கை பழகியிருக்கிறது. அம்மியில் மிளகாய் அரைக்கும்போதும் சம்பலுக்குத் தேங்காய் அரைக்கும்போதும் நீர் தெளித்தால் பொருள் இளகும். இங்கே நேர்மாறாக இறுகும். எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய புரதத் துகள்களும் மாச்சத்துத் துகள்களும் அந்தச் சிறிதளவு நீரைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுவதே இதற்குக் காரணம். நீரை மேலும் மேலும் சேர்த்து அடித்தால் நிலைமை தலைகீழாகிறது. எண்ணெய்க்குள் துகள் என்ற அமைப்பு மாறி, நீருக்குள் எண்ணெய்த் துளிகள் என்ற பால்மமாகி, நிறம் வெளுத்து, ஊற்றத்தக்க பதத்துக்கு வருகிறது. தேசிக்காய்ச் சாறும் நசுக்கிய உள்ளியும் (பூண்டு) உப்பும் சேர்த்து லெபனானிலும் சிரியாவிலும் பலஸ்தீனத்திலும் உணவின் மேல் ஊற்றுவது இந்த இரண்டாவது பண்டத்தைத்தான்.

ஆகவே நம் முன் இருப்பவை இரண்டு பண்டங்கள். நீர் சேராத மூலப்பண்டம் ஒன்று; அதிலிருந்து நீரும் புளிப்பும் சேர்த்து ஆக்கும் தொட்டுக்கொள்ளும் பண்டம் மற்றொன்று. ஆங்கிலக் குறிப்புகள் பல இவ்விரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவதனால், மொழிபெயர்ப்பாளர் கவனமாக இல்லாவிட்டால், 'இரண்டு கரண்டி தஹினி' என்ற இடத்தில் வாசகர் எதை விடுவது என்று தெரியாமல் திகைப்பார். நாம் ஆக்கும் சொல் இந்தக் குழப்பத்தைத் தமிழுக்குள் கொண்டுவரக் கூடாது.

இனி ஐந்து சொற்களுக்கு வருகிறேன். எள்ளுக்கூழ் பொருந்தாது. கூழ் என்றால் நீரில் வெந்த மாவு. யாழ்ப்பாணத்தார்க்கு அது ஒடியல் மாவும் மீனும் நண்டும் கூடிய தனியுணவு. நீர் சேராத பண்டத்தை நீரால் ஆன பெயரால் அழைப்பது முதல் அடியிலேயே வாசகரைத் தவறான வழியில் விடும். பசை ஒட்டுவதற்கு உரியது, உண்பதற்கு உரியதன்று. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

மட்டக்களப்பு ஐயா முன்மொழிந்த எள் வெண்ணெய் என்பதற்கு வலுவான ஒரு நியாயம் உண்டு. கச்சான் (நிலக்கடலை) பட்டர் என்று ஏற்கெனவே வழங்குவதால் அதன் உடன்பிறப்பு போல இது எளிதில் புரியும் என்கிறார். எனக்குள்ள தயக்கம் பாலைப் பற்றியது. வெண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் பாலிலிருந்து கடைந்தது என்றே தமிழர் கொள்வர். பால் ஒவ்வாதவர்களும் விலங்குப்பொருளை முற்றாக விலக்குபவர்களும் விரும்பி வாங்கும் பண்டம் இது என்பதை நினைத்தால், அந்தப் பெயர் அவர்களையே விலகி நிற்கச் செய்யும். ஐயா இதை மறுப்பாரானால் அவருடைய விளக்கத்தை அறிய ஆவலாக உள்ளேன்.

எள்ளரையல் என்பதை ஆக்கிய அன்பருக்கு என் பாராட்டு. அரபு மொழியில் தஹீனா என்பது அரைத்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து மாவைக் குறிக்கும் சொல்லும் வந்தது. ஆகவே அரையல் என்பது மூலத்துக்கு மிக நெருக்கமானது. எனினும் அரைத்த மாவும் அரையல்தான், அரைத்த சம்பலும் அரையல்தான். அரபு மொழியினர்க்கு வழக்கினாலே தெளிவாகும் ஒன்று நமக்கு அச்சொல்லினாலே தெளிவாகாது.

விழுது என்பதற்கு எதிராக எழுந்த கருத்து நியாயமானது. இலங்கையில் விழுது என்றால் ஆலமரந்தான் முதலில் மனத்தில் தோன்றும். 'இஞ்சி பூண்டு விழுது' போன்ற தொடர்கள் தமிழ்நாட்டுச் சமையல் நூல்கள் வழியாக வந்தவை. அவையும் நீர் சேர்த்து அரைத்தவை. இம்மூன்றும் உண்மை. ஆனால் விழுதுக்கு வெண்ணெய், நெய், நிணம் என்னும் பொருள்களும் நம் அகராதிகளில் பதிவாகியுள்ளன. அதாவது கொழுப்புத் திரட்சி என்ற கருத்தும், மைய அரைத்தது என்ற கருத்தும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. பாதி எண்ணெயாகவும் மறுபாதி அரைபட்ட பருப்பாகவும் உள்ள ஒரு பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. வெண்ணெய் என்று வெளிப்படையாகச் சொல்வதால் வரும் பால் மயக்கமும் இதில் இல்லை. புணர்ச்சியிலும் தடையில்லை: எள் என்பதோடு நெய் சேர்ந்து எண்ணெயானது போல உருமாறாமல், எள்விழுது என்று இரு சொல்லும் தம் உருவிலேயே நிற்கின்றன. பேச்சில் எள்ளு விழுது என்று வந்தாலும் குறையில்லை.

முதலில் குறிப்பிட்ட நிபந்தனை இதுதான்: நூலில் இச்சொல் முதன்முறை வரும் இடத்தில் 'நீர் சேராமல் எண்ணெய் பிரியும்வரை அரைத்த எள்' என்ற வரையறையைத் தவறாது தர வேண்டும். இரண்டாவது பண்டத்துக்கு எள்ளுத் தொடுகறி என்பதை முன்மொழிகிறேன். தொடுகறி பழஞ்சொல், தொட்டுக்கொள்வது என்ற பொருள் கேட்டவுடனே விளங்கும். சொதி என்று எழுதலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சொதி அடுப்பேறுவது, இது அடுப்பேறாதது. குழையல் என்பதும் வேண்டாம். அது நமக்குச் சோற்றுக்கு உரியது.

பெயரை மாற்றாமல் தஹினி என்றே விடலாம் என்போர்க்கு ஒரு செய்தி. எள் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய உணவுகளுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதியில் கட்டாயம் சுட்ட வேண்டிய 14 ஒவ்வாப்பொருள்களுள் எள்ளும் அடங்கும். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முதன்மை ஒவ்வாப்பொருளாகச் சேர்க்கப்பட்டது. தஹினி என்ற எழுத்துக்கூட்டலைப் பார்த்து அதில் எள் இருப்பதை ஒரு தாய் எவ்வாறு அறிவார்? வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அறிவர். அவர்களும் தஹினா, தஹீனா என்று பலவாறு சொல்கின்றனர். எள் என்ற எழுத்துகள் பெயரிலேயே நிற்பது பாதுகாப்பையும் சார்ந்த விடயம். தஹினி என்பதை, தோல் நீக்கிய எள்ளிலிருந்து மேற்காசிய முறையில் ஆக்கிய வகையின் பெயராக வைத்துக்கொள்ளலாம். சீனாவின் கடும் வறுவல் விழுதுக்கும், ஜப்பானியர் கறுப்பு எள்ளில் அரைக்கும் விழுதுக்கும், எள்விழுது என்னும் பொதுப்பெயர் இடங்கொடுக்கும்.

நூலின் குறிப்புகளில் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் கடலை. ஹம்மஸ் என்பது அவித்த கடலையை எள்விழுதோடும் தேசிக்காய்ச் சாறோடும் உள்ளியோடும் மசித்தது. இலங்கையில் கடலை என்றால் போதும். தமிழ்நாட்டு வாசகர் அதை நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலையாகக் கொண்டு வேறெதையோ மசிக்கக்கூடும் ஆதலால், கொண்டைக்கடலை என்று எழுதுவதே நல்லது. சுட்ட கத்தரிக்காயின் தோலை உரித்து, மசித்து, எள்விழுது சேர்க்கும் உணவு நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். அதில் பச்சைமிளகாயை நறுக்கிப் போடுவதை லெபனான்காரர் ஏற்பாரோ தெரியாது, என் வீட்டார் ஏற்றனர்.

தங்கை தம் நூலில் உள்ளூர்க் குறிப்புகளையும் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தார். துருக்கியில் எள்விழுதைத் திராட்சைப் பாகோடு குழைத்து ரொட்டியில் தோய்த்து உண்பர். நமக்குக் கித்துள் பாணி (கித்துள் மரத்தின் இனிப்புப் பாகு) இருக்கிறது. இரண்டு பங்கு எள்விழுதுக்கு ஒரு பங்கு பாணி விட்டுக் குழைத்து வாட்டிய பாண் துண்டில் (ரொட்டித் துண்டில்) பூசினால், திராட்சைப் பாகு கிடைக்கவில்லையே என்ற எண்ணமே வராது. எருமைத் தயிரும் பாணியும் உண்ணும்போது ஒரு கரண்டி எள்விழுதை மேலே விடுவதும் நன்று. இடியப்பத்துக்கு எள்ளுத் தொடுகறி எனக்கு அவ்வளவு ஒத்துவரவில்லை. தோசைக்கு ஒத்துவருகிறது, உள்ளியைக் குறைத்தால்.

சேமிப்பைப் பற்றியும் நூலில் இரண்டு வரி வேண்டும். நீர் இல்லாததால் விழுதில் கிருமிகள் எளிதில் பெருகமாட்டா, ஆனால் சல்மொனெல்லா போன்றவை பெருகாமலே உயிரோடு இருக்கக்கூடும். ஆகவே எள்ளை வறுப்பதும், உலர்ந்த போத்தலும், உலர்ந்த கரண்டியும் முக்கியம். மேலே எண்ணெய் பிரிந்து நிற்பது பழுதன்று, அடிவரை கிளறினால் போதும். கொழும்பு வெக்கையில் காறல் மணம் விரைவில் ஏறும் என்பதால் வீட்டில் அரைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. நீர் சேர்ந்த தொடுகறியை அங்கேயும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். இரு பண்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இறுதியாக ஒரு கேள்வி. எள்ளுப்பாகுக்கு எள்ளை உரலில் இடிக்கும்போது, சர்க்கரை சேர்ப்பதற்கு முன், எண்ணெய் கசிந்து திரளும் நிலைக்கு உங்கள் ஊர்ப் பெரியவர்கள் தனிப்பெயர் ஏதேனும் வைத்திருக்கிறார்களா? வடமராட்சியிலும் வன்னியிலும் உள்ள உறுப்பினர்கள் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். அவ்வாறு ஒரு சொல் வழக்கில் இருந்தால், எள்விழுதை விலக்கிக்கொண்டு அதையே ஏற்பதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை.