தலையை எறிந்தது யார்?

கடலைமிட்டாய்: நேற்று ஒருத்தர் எழுதியிருந்தார், டிராகன் பால் இசட் என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரில் விடெல்தான் ஹீரோவாம், அவள் அப்பா மிஸ்டர் சாத்தான் வெறும் வாய்ச்சவடாலாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. செல் என்ற வில்லனோடு நடந்த சண்டையில், 16ஆம் எண் ஆண்ட்ராய்டு என்ற மனித உருவ ரோபோவின் தலையைத் தூக்கி, செல்லோடு மோதிய சிறுவன் கோஹான் பக்கம் எறிந்தது யார்? அந்தத் தலை பேசிய பேச்சைக் கேட்டு, செல் அதை மிதித்து நசுக்கியதைப் பார்த்துத்தானே கோஹானுக்கு வெறி பிடித்தது?

பழையசோறு: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அதே மேடையில் உங்கள் ஆள் 15 ஓடுகளை அடுக்கி ஓங்கி அடித்தார். அடியில் ஒன்று உடையாமல் அப்படியே கிடந்தது. செல் ஒரு தட்டுத் தட்டினான், போய் மலையில் ஒட்டிக்கொண்டார். அப்புறம் கேமரா முன்னால் "கால் வழுக்கிவிட்டது" என்றார். மகளோ ஸ்கூலுக்குப் போய்க்கொண்டே ரவுடிகளை அடித்து நொறுக்குகிறாள். போலீஸே அவளைத்தான் கூப்பிடுகிறது.

கடலைமிட்டாய்: ஓட்டுக் கதை யார் கேட்டார்கள்? தலையை எறிந்தது யார்?

நிலாச்சோறு: தலையே "என்னைத் தூக்கி எறி" என்று கேட்டது, எறிந்தார். இது கூரியர் வேலை அண்ணா.

கடலைமிட்டாய்: சரி தம்பி, செல் நிற்கிற இடத்துக்கு நீ கூரியர் கொண்டுபோய்க் கொடு, பார்ப்போம். பக்கத்தில் இருந்த கேமராக்காரர் போனாரா? கை கால் நடுங்க ஓடிப்போய் எறிந்தார். குறி தப்பியதா?

துரை_தூத்துக்குடி: முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். நான் டிவியில் பார்த்தபோது அவர் பெயர் ஹெர்குல்.

கடலைமிட்டாய்: அது ஆங்கிலத்தில் வெட்டி ஒட்டிய பதிப்பு. ஜப்பானில் சாத்தான்தான். விடெல் என்பதே டெவில் என்ற சொல்லைக் கலைத்துப் போட்ட பெயர். அப்பன் ஹெர்குல் என்றால் அந்த நையாண்டியே செத்துவிடும். பாதிப் படம் பார்த்தவரெல்லாம் பெயர் திருத்த வருகிறார்.

துரை_தூத்துக்குடி: போன வருஷம் வெஜிட்டா விஷயத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

பழையசோறு: பறப்பதெல்லாம் தந்திரம், மோசடி என்று ஊரெல்லாம் சொன்னவர் அப்பா. மகள், கோஹான் முகமூடி போட்டு ஹீரோவாகச் சுற்றுகிற ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு, மிரட்டியே பறக்கக் கற்றுக்கொண்டாள். உலகச் சண்டைப் போட்டியில் அப்பா 18ஆம் எண் ஆண்ட்ராய்டை ஜெயித்தது எப்படி? தோற்றுக் கொடுக்க 2 கோடி ஜெனி (அந்த ஊர்ப் பணம்) பேரம்!

கடலைமிட்டாய்: அதே போட்டியில் உங்கள் விடெல் ஸ்போபோவிச் என்ற முரடனிடம் வாங்கிய அடியை மறந்துவிட்டீர்களா?

நிலாச்சோறு: அவள் உதைத்த உதையில் அவன் கழுத்தே பின்பக்கம் திரும்பியது. அவன் கையாலேயே தலையைத் திருகி நேராக்கிக்கொண்டான். சாதாரண ஆளாக இருந்திருந்தால் அங்கேயே காலி.

துரை_தூத்துக்குடி: இதிலும் தலையா!

கடலைமிட்டாய்: சிரியுங்கள். கடைசியில் பூ என்ற அரக்கனை அழிக்க, கை தூக்கி உங்கள் சக்தியைக் கொடுங்கள் என்று வெஜிட்டா கேட்டான், கோஹானின் அப்பா கோக்கு கெஞ்சினான், பூமியில் பெரும்பாலோர் கை தூக்கவில்லை. சாத்தான் ஒரு அதட்டல் போட்டதும்தான் அத்தனை கையும் உயர்ந்தது. விடெல் கேட்டிருந்தால் தூக்கியிருப்பார்களா?

பழையசோறு: ஏன் தூக்கினார்கள்? செல்லைக் கொன்றது அவர் என்று ஏழு வருஷமாக நம்பியதால். கொன்றது கோஹான். திருடிய பேரில் வந்த செல்வாக்கு அது.

கடலைமிட்டாய்: கோஹானைக் கொல்ல வைத்தது எது? தலை. எறிந்தது யார்?

பழையசோறு: ஐயோ சாமி.

நிலாச்சோறு: அண்ணா, அந்தத் தலையை ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடலைமிட்டாய்: மாட்டுகிறேன். நீ கேள்விக்குப் பதில் சொல்.

துரை_தூத்துக்குடி: ஹெர்குல்.

கடலைமிட்டாய்: உன்னை யார் கேட்டது?