எனர்ஜி டிடெக்டர்: ஆன்டெனாவே இல்லாம ‘சேனல் பிஸி’ன்னு காட்டுது

அலைமாணவன்:
காக்னிட்டிவ் ரேடியோ (லைசென்ஸ் உள்ளவங்க பயன்படுத்தாத சேனலைத் தேடிப் பிடிக்கிற ரேடியோ) தீசிஸுக்காக எனர்ஜி டிடெக்டர் எழுதியிருக்கேன்; சேனல்ல வர்ற பவரை அளந்து பிஸியா, காலியான்னு அது சொல்லும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்), வினாடிக்கு 24 லட்சம் சாம்பிள், ஒரு முடிவுக்கு 1000 சாம்பிள். பொய் எச்சரிக்கை (காலி சேனலை பிஸின்னு சொல்ற வாய்ப்பு) 0.1 வர்ற மாதிரி த்ரெஷோல்ட் (பவர் அதைத் தாண்டினா பிஸி) வெச்சேன். மேட்லேப்ல கச்சிதம். டாங்கிள்ல ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டியும் 0.4 வருது. 1 லட்சம் சாம்பிள் எடுத்தா எப்பவுமே பிஸி! அடுத்து, ப்ரைமரி யூசரா (சேனலுக்கு லைசென்ஸ் உள்ளவர், இங்கே டிவி நிலையம்) நடிக்கிற தாக்குதலையும் சேர்க்கணும்.

இரைச்சல்தளம்:
உங்க ப்ரோக்ராம் சரிதான், நீங்க போட்ட σ² (சராசரி இரைச்சல் பவர்) தப்பு. 1000 சாம்பிளுக்கு த்ரெஷோல்ட் σ² × (1 + 1.28/√1000). அதாவது சராசரி இரைச்சலுக்கு மேல வெறும் 0.17 டிபி. சூடேறி கெயின் அவ்வளவு நகர்ந்தாலே பொய் எச்சரிக்கை 50 சதவீதம். 1 லட்சத்துக்கு அந்த இடைவெளி 0.018 டிபிதான், அதான் இன்னும் மோசமாகுது.

ட்யூனர் ஏஜிசி, ஆர்டிஎல் ஏஜிசி (கெயினைத் தானா மாத்துற வசதி) ரெண்டையும் அணைங்க (பலரும் ஒண்ணை மறந்துடுவாங்க). 20 நிமிஷம் ஓடவிட்டு, பயன்படுத்துற ஒவ்வொரு ஃப்ரீக்வன்சிக்கும் கெயினுக்கும் σ²-ஐத் தனியா அளங்க. ட்யூன் மாத்தினதும் வர்ற முதல் சில பஃபரைத் தூக்கிப் போடுங்க.

மேட்ரிக்ஸ்பிரியை:
ஐகன்வேல்யூ டிடெக்டருக்கு (சாம்பிள்களுக்குள்ள இருக்கிற தொடர்பை வெச்சு சிக்னலைப் பிடிக்கிறது) σ² தேவையே இல்லையே?

இரைச்சல்தளம்:
தேவையில்லை. ஆனா டாங்கிளோட ஃபில்டரைத் தாண்டி வர்ற இரைச்சல்ல பக்கத்து சாம்பிள்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டியிருக்கும், டிடெக்டர் அதையே சிக்னல்னு நினைச்சுக்கும். முதல்ல ப்ரீ-ஒயிட்டனிங் (இரைச்சல்ல இருக்கிற அந்த ஒட்டுதலை நீக்குறது) பண்ணணும்.

கோபுரம்:
ஒரு எல்லையும் இருக்கு. σ² மேலயும் கீழயும் 1 டிபி நிச்சயமில்லைன்னா, −3.3 டிபி எஸ்என்ஆருக்கு (சிக்னல்-இரைச்சல் விகிதம்) கீழ எத்தனை சாம்பிள் எடுத்தாலும் எனர்ஜி டிடெக்டர் தேறாது. 802.22-ல (காலி டிவி சேனல்ல இயங்குற காக்னிட்டிவ் ரேடியோவுக்கான ஐஇஇஇ தரம்) டிஜிட்டல் டிவியை −114 டிபிஎம்ல பிடிக்கணும். 6 மெகாஹெர்ட்ஸ்ல வெப்ப இரைச்சலே −106. அதனாலதான் பைலட்டை (டிவி சிக்னல்ல எப்பவும் இருக்கிற அடையாள டோன்) தேடுறாங்க.

தாக்குதலுக்கு வருவோம். பைலட்டைப் போலி செய்யறது சுலபம். பதிவு பண்ணின நிஜ சிக்னலையே திரும்ப விட்டா சைக்ளோஸ்டேஷனரி டிடெக்டரும் (சிக்னல்ல திரும்பத் திரும்ப வர்ற அமைப்பைத் தேடுறது) ஏமாறும். பிடி கிடைக்கிறது சிக்னல் வர்ற இடத்துலதான், ஏன்னா டிவி கோபுரம் நகராது. ஒரே நோடோட (கேட்குற ரிசீவர்) ஆர்எஸ்எஸ்ஸை (வந்து சேர்ற சிக்னல் பலம்) நம்பாதீங்க, எதிராளி பவரை மாத்திக்குவான். நோடுகளுக்கு இடையில டிபி வித்தியாசத்தைப் பாருங்க, அனுப்புற பவர் அதுல அடிபட்டுப் போயிடும். எதிராளி திசை ஆன்டெனா வெச்சிருந்தா இதுவும் குழம்பும், அதை தீசிஸ்ல ஒத்துக்கிட்டு எழுதுங்க.

டிவி பேண்ட்ல அனுமதியில்லாம காத்துல விடக்கூடாது. கோஆக்ஸ், ஸ்ப்ளிட்டர் வழியா அனுப்புங்க. டாங்கிளால அனுப்ப முடியாது, எதிராளிக்கு யுஎஸ்ஆர்பி பி210 (அனுப்பவும் வாங்கவும் முடியற ரேடியோ போர்டு) மாதிரி ஒண்ணு வேணும். அது 10 டிபிஎம்முக்கு மேலயே தரும், வாங்குற பக்கம் இன்னொரு பி210 இருந்தா அது தாங்குறது −15 வரைக்கும்தான். 60 டிபி அட்டெனுவேட்டரை (சிக்னலைக் குறைக்கிறது) மாட்டின பிறகுதான் பவர் போடணும். ஒவ்வொரு கிளைக்கும் கூடுதலா வேற வேற டிபி வைங்க, இல்லேன்னா எல்லா நோடும் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி ஆயிடும்.