டின் தக்காளியில் குளிர்கால சாலட்: தண்ணீர் விடாமல் செய்வது எப்படி?

கோத்தகிரி அடுப்படி:
மார்கழி, தை மாசத்துல மலைக்குக் கீழே சமவெளியில இருந்து வர்ற தக்காளியில நிறம் இருக்கு, வாசம் இல்லை. அதனால டின்ல வர்ற தோலுரிச்ச முழுத் தக்காளியை வெட்டிப் போட்டு, முட்டைக்கோஸ், கேரட், வெங்காயத்தோட உப்பு, எலுமிச்சை, தேங்காயெண்ணெய் சேர்த்து சாலட் செய்யறேன். மூணு சிக்கல். பத்து நிமிஷத்துல கிண்ணத்தோட அடியில ரசம் மாதிரி தண்ணி நிக்குது. வெந்த வாடை ஒண்ணு போகவே மாட்டேங்குது. எண்ணெய் வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா உறைஞ்சுடுது. ஓவன் இல்லை, கேஸ் அடுப்புதான். நாலு பேருக்கு அளவோட சொல்லுங்க.

கேத்தி வாசி:
முதல்ல ஒரு விஷயம்ங்க. டின் தக்காளி பச்சைத் தக்காளி கிடையாது. டின்னை மூடின பிறகு சூடுபடுத்தித்தான் அனுப்பறாங்க, அதனால அது ஏற்கெனவே வெந்த காய். உள்ளே இருக்கிற தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சுவரெல்லாம் அந்தச் சூட்டுலயே உடைஞ்சிருக்கும். பச்சைத் தக்காளி மாதிரி வெட்டிப் போட்டா தண்ணி விடத்தான் செய்யும்.

நாலு பேருக்கு 400 கிராம் டின் ரெண்டு எடுத்துக்குங்க. வடிகட்டியில கொட்டி, கீழே பாத்திரம் வையுங்க. சாறு ஒரு சொட்டும் வீணாகக் கூடாது, அதுதான் பின்னால டிரெஸ்ஸிங், அதாவது சாலட்டுல பிரட்டுற கலவை. ஒவ்வொரு தக்காளியையும் நீளவாக்குல கீறி, விதையையும் கொழகொழப்பையும் விரலால வழிச்செடுத்து சாறோட சேருங்க. வெட்டின பக்கம் கீழே இருக்கற மாதிரி அரை மணி நேரம் வடியட்டும்.

அப்புறம் நான்ஸ்டிக் அல்லது அடிகனமான ஸ்டீல் கடாயில 1 ஸ்பூன் எண்ணெய் ஊத்தி, மிதமான தீயில வெட்டின பக்கம் படும்படி அடுக்குங்க. நாலஞ்சு நிமிஷம் கிளறவே கிளறாதீங்க, கிளறினா சட்னி ஆயிடும். ஓரம் பழுப்பா ஆகி, சொய்ங் சத்தம் குறைஞ்சு, நடுவுல இருந்த பளபளப்பு போனதும் இறக்கிடலாம். நீங்க சொல்ற வெந்த வாடை பெரும்பாலும் இதுலயே போயிடும். சரியா பழகாத இரும்புக் கல்லுல மட்டும் இதைச் செய்யாதீங்க. புளிப்பு இரும்பை இழுத்து வேற ஒரு உலோகச் சுவையைக் கொண்டு வந்துடும்.

தண்ணிக்கு இன்னொரு காரணம் முட்டைக்கோஸ். 200 கிராமை நூல் மாதிரி அரிஞ்சு, முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி 20 நிமிஷம் வையுங்க. பிறகு கைப்பிடி கைப்பிடியா எடுத்து இறுக்கிப் பிழியுங்க. இந்தத் தண்ணி வெளியே வராட்டி சாலட்டுக்குள்ளதான் வரும். பிழிஞ்ச கோஸ்ல உப்பு இருக்கும், அதனால மேல உப்பு போடறதுக்கு முன்னாடி ருசி பாருங்க.

பூம்பாறை:
கேத்தி அண்ணன் சொன்னது சரி. டின் வகையைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. முழுத் தக்காளியைவிடத் துண்டு போட்ட டின் சாலட்டுக்கு ஏற்றது. லேபிளில் 509 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அது கால்சியம் குளோரைடு. தக்காளியின் சதையைப் பிடித்து வைக்கும் பெக்டின் என்ற பசையை இறுக்கித் துண்டு கரையாமல் நிறுத்தும். குழம்பில் போட்டால் கரையாமல் எரிச்சல் மூட்டும் அதே குணம் சாலட்டில் நமக்கு உதவுகிறது. ருசி முழுத் தக்காளியில் ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எண்ணெய் உறைவதற்குக் காரணம் சுலபம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், தை மாதத்தில் மலை வீட்டு அடுப்படி அதற்கு எவ்வளவோ கீழே. நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். கீழ்நாட்டுத் தக்காளி வாசமிழப்பதற்கும் குளிர்தான் காரணம். 12 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தால் தக்காளி வாசம் உண்டாக்கும் வேலையை நிறுத்திவிடும். அதனால் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டாலும் நம் ஊர் அலமாரியே அந்தக் காரியத்தைச் செய்துவிடுகிறது.

டிரெஸ்ஸிங்: வடித்த சாற்றில் 150 மில்லி எடுத்து, சின்னக் கடாயில் 4 டேபிள்ஸ்பூன் ஆகும்வரை சுண்டவிடுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் ஒரு நொடி அடி தெரிய வேண்டும், அதுதான் பதம். ஆறவிடுங்கள். 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் மலைப்பூண்டு ஒரு பல்லை நேராகத் துருவுங்கள். துருவி வைத்துவிட்டுப் பிறகு சாறு ஊற்றினால் காரம் ஏறிவிடும். புளிப்பு உடனே பட்டால்தான் அது அடங்கும். மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம், ஒரு பல் போதும். இதோடு சுண்டிய சாறு, கால் டீஸ்பூன் கடுகுப் பொடி, அரை டீஸ்பூன் மிளகுத் தூள், சிட்டிகை வெல்லம் சேர்த்து, 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள்.

150 கிராம் பட்டர் பீன்ஸ் சேர்த்தால் சாலட்டே ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும். காயிலிருந்து உரித்த பச்சை பட்டர் பீன்ஸைத் தனியாக உப்புத் தண்ணீரில் வேகவையுங்கள். தக்காளிச் சாற்றோடு வேகவைத்தால் புளிப்பு தோலை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. கீழே மூன்று விசில் என்றால் இங்கே நாலு.

கோத்தகிரி அடுப்படி:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். எந்த வரிசையில கலக்கணும்? அப்புறம், தக்காளி மலிவா கிடைக்கிறப்ப வாங்கி நாமளே பாட்டில்ல அடைச்சு வெச்சுக்கலாமா?

கேத்தி வாசி:
பிழிஞ்ச கோஸ், குச்சி குச்சியா அரிஞ்ச கேரட் ஒண்ணு, சிவப்பு முள்ளங்கி நாலு, செலரித் தண்டு ஒண்ணு, பீன்ஸ் எல்லாத்தையும் டிரெஸ்ஸிங்ல முக்கால் பங்கு விட்டுப் பிரட்டுங்க. தக்காளியைக் கடைசியில மேல அடுக்கி, மிச்ச டிரெஸ்ஸிங்கை அதுமேல ஊத்துங்க. பீட்ரூட் போட்டா எல்லாமே சிவப்பாயிடும், போடறதா இருந்தா தனித் தட்டு.

மிஞ்சின தக்காளியை டின்னோட ஃபிரிட்ஜில வைக்காதீங்க. திறந்த பிறகு காத்தும் புளிப்பும் சேர்ந்து தகரத்தை அரிக்கும், தக்காளியில டின் வாடை வந்துடும். கண்ணாடி ஜாடிக்கு மாத்தினா மூணு நாலு நாள் தாங்கும். டின் மூடி உப்பியிருந்தாலோ விளிம்புத் தையல்ல நசுங்கியிருந்தாலோ ருசி பார்க்காம அப்படியே குப்பையில போட்டுடுங்க.

பூம்பாறை:
பாட்டிலில் அடைக்கலாம், ஆனால் சமவெளி அளவை அப்படியே பின்பற்றக் கூடாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி பார்க்க ஒன்றுதான், சூடு குறைவு. மசித்த தக்காளியைக் கொதிக்கவைத்துச் சூடாக அரை லிட்டர் பாட்டிலில் நிரப்பினால், பாட்டில் முழுகும் கொதிநீரில் கடல்மட்டத்தில் 35 நிமிடம், 6000 அடிக்கு மேல் 50 நிமிடம். அதற்கு முன் பாட்டிலுக்கு 1 டேபிள்ஸ்பூன் பாட்டில் எலுமிச்சைச் சாறு அல்லது கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் கட்டாயம். இந்தக் கணக்குக்குப் புதுப் பழத்தின் சாறு வேண்டாம், பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். சில தக்காளியின் பிஹெச் (புளிப்பை அளக்கும் எண், கூடக் கூடப் புளிப்பு குறைவு) 4.6ஐத் தாண்டும், தாண்டினால் பாட்டுலிசம் கிருமி காற்றில்லாத பாட்டிலுக்குள் விஷம் உண்டாக்க வழியாகிவிடும். அதற்கு வாடை வராது, நிறமும் மாறாது. புளிப்புத் தூக்கலாகத் தெரிந்தால் திறந்த பிறகு வெல்லம் சேர்த்துக்கொள்ளுங்கள், அடைக்கும்போது எலுமிச்சையைக் குறைக்காதீர்கள்.